பைக்கும் நம்முடையது, உயிரும் நம்முடையது

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரைத் தடுத்தால் ஜெயில் என்று ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சட்டம் எழுதியிருக்கிறது. எல்லோருக்காகவும் அல்ல, நமக்காக. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதற்கு 2015-இல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் பிரிவு 3(1)(இசட்ஏ)(பி) என்ன சொல்கிறது? பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதை, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பதும் குற்றம். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அபராதம் தனி.

சாதியெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பிரிவைக் காட்டினால் போதும். சட்டம் கற்பனையில் எழுதப்படுவதில்லை. தடுத்தார்கள், அடித்தார்கள், வண்டியிலிருந்து இறக்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். அதனால்தான் மோட்டார் சைக்கிள் என்ற சொல் வன்கொடுமைச் சட்டத்துக்குள் வந்தது.

சட்டம் வந்த பிறகும் நிற்கவில்லை. 2018 மார்ச் மாதம், குஜராத் மாநிலம் பாவ்நகர் மாவட்டம் டிம்பி கிராமத்தில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். குதிரை வாங்கி ஓட்டியதுதான் காரணம் என்று அவருடைய தகப்பனார் புகார் கொடுத்தார். 2025 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்க முடியாமல் வெட்டினார்கள் என்றது குடும்பம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி மூன்று பேர் கைதானார்கள். வெட்டு எங்கே விழுந்தது என்று பாருங்கள்: ஆக்சிலேட்டரைப் பிடிக்கும் கையில்.

இதையெல்லாம் சிவகங்கையில், குஜராத்தில் நடப்பது என்று வில்லியனூரும் பாகூரும் தள்ளி வைத்துவிட முடியாது. இங்கே பேட்டில் ஒரு பையனுக்கு பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வருகிறது. வீட்டு வாசலில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வந்து நிற்கிறது. ஊர்த்தெருவில் அதே வண்டி, அதே நிறத்தில், ஏற்கெனவே நான்கு நிற்கிறது. அவற்றைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நம் வண்டிக்கு மட்டும் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். பணம் ஏது? எதற்கு இவ்வளவு சத்தம்? யாருக்குக் காட்ட இந்தத் தெருவில் வருகிறான்? எந்தப் பெண்ணைப் பார்க்க?

கடைசிக் கேள்வி சும்மா வருவதில்லை. 2012 நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அடுத்த மாதமே பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேன்ட், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். ஒரு பேன்ட்டும் ஒரு கண்ணாடியும் குற்றப் பொருளாக ஆனது அப்படித்தான். அந்தப் பட்டியலில் பைக் எப்போதோ சேர்ந்துவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு வண்டி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இல்லை. ஆனாலும் ஊரறியச் சொல்லி வைப்போம். புதுச்சேரியில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி பஞ்சாலைகளை 2020-இல் மூடினார்கள். அப்பா சைக்கிளில் போன மில் வேலை பிள்ளைக்கு இல்லை. சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரத்துக்குப் பேட் வரைக்கும் பஸ் வருவதில்லை. நிலம் இல்லாத குடும்பத்துக்குக் கூலி வேலையைத் தேடி நாலு ஊர் போக வழி செய்வது அந்த இரண்டு சக்கரம்தான். ஊர்க்காரர் நிலத்தில் வேலை கேட்டு நிற்காமல் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சம்பளம் வாங்க முடிகிறது பாருங்கள், எரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சத்தமெல்லாம் சாக்கு.

1893-இல் திருவிதாங்கூரில் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யங்காளி, புலையர்கள் நடக்கவே கூடாது என்று வைத்திருந்த பொதுச்சாலையில் வில்வண்டி பூட்டிக்கொண்டு போனார். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்றினார். வண்டி என்பது நமக்கு என்றுமே வெறும் வண்டியாக இருந்ததில்லை. ஆகவே ஸ்போர்ட்ஸ் பைக் வாங்க நினைக்கும் தம்பியிடம், உனக்கெதுக்குப்பா இதெல்லாம், அடக்க ஒடுக்கமாக ஒரு மொபெட் வாங்கிக்கொள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நம் வீட்டுப் பெரியவர்கள் பயத்தில் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் யார் என்று தெரியும். அவர்களுக்காக நாம் சிசியைக் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் இங்கே பேசித்தான் ஆக வேண்டும்.

அவர்கள் முறைக்கிறார்கள் என்பதற்காகவே நம் பையன் பெரிய வண்டியாகத் தேடுகிறான். தன் உயரத்துக்கும் அனுபவத்துக்கும் வீட்டு வருமானத்துக்கும் பொருந்தாத வண்டியை, ஊர்த்தெருவுக்குப் பதிலாக வாங்குகிறான். லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அப்படி வாங்கிய வண்டியைத் தேர்ந்தெடுத்தது அவனா, அவனை முறைத்தவனா? சாதிக்காரன் பார்வைக்குப் பயந்து வாங்காமல் இருப்பதும், அதே பார்வைக்கு எதிராகவே வாங்குவதும் ஒன்றுதான். இரண்டிலும் முடிவெடுப்பவன் அவன்.

அம்பேத்கர் வாழ்க்கையில் நடந்த ஒன்றை இங்கே நினைவுபடுத்துகிறோம். 1929-இல் பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினராக இருந்த அவர், துலியாவிலிருந்து திரும்பும் வழியில் சாலிஸ்காவ் ஸ்டேஷனில் இறங்கினார். அங்கிருந்த மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போக விரும்பினார்கள். தீண்டத்தகாதவருக்கு வண்டி ஓட்டினால் தன் மதிப்பு போய்விடும் என்று குதிரை வண்டிக்காரர் மறுத்துவிட்டார். தலைவரை நடக்க விடுவதா என்று நம் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். வண்டி ஓட்டியே பழகாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. நடந்தது என்னவென்று பிறகு விசாரித்து அறிந்து அவரே எழுதி வைத்திருக்கிறார்: தன் மரியாதையைக் காப்பாற்ற நினைத்த மக்கள் தன் உயிரை ஆபத்தில் தள்ளிவிட்டார்கள் என்று. அவர் அந்த மக்களை இழித்துப் பேசவில்லை. குற்றம் சாதியினுடையது. ஆனால் எலும்பு முறிந்தது அவருக்கு.

வில்லியனூரிலும் பாகூரிலும் நமக்கு நடப்பதும் இதுதான். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்தக் கணக்கில் சாதி எழுதப்படுவதில்லை. ஆனால் ஜிப்மர் வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குச் சேமிப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் சாதி இருக்கிறது. மேல்தெருப் பையன் விழுந்து எழுந்தால் நிலத்தில் ஒரு துண்டை விற்று வைத்தியம் பார்ப்பார்கள். நம் பையன் விழுந்தால் விற்க என்ன இருக்கிறது? ஒரே சம்பாத்தியமும் அவனோடு படுத்துவிடும்.

ஆகவே உன் வண்டியை நீயே முடிவு செய், தம்பி. தங்கைகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம். கல்லூரிக்கும் வேலைக்கும் நீங்களும் கியர் வண்டி ஓட்டுங்கள். முடிவு செய்யும்போது நாலு விஷயத்தைப் பாருங்கள்.

முதலில் உடம்பு. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும். டிவிஎஸ் ரைடர் 125-இன் சீட் உயரம் 780 மில்லிமீட்டர், அப்பாச்சி ஆர்டிஆர் 160-க்கு 790, சுசூகி ஜிக்ஸர் எஸ்எஃப்-க்கு 795. யமஹா ஆர்15-க்கு 815. இந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் மண் சாலையில் வண்டி சாயும்போது தாங்குமா தாங்காதா என்பதை முடிவு செய்கிறது. ரைடர் 11 குதிரைத்திறன் சொச்சம், ஜிக்ஸர் 13.6, ஆர்15 18.4, கேடிஎம் ஆர்சி 200 சுமார் 25. நேற்று எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவருக்கு 125-லிருந்து 160 சிசி வரைக்கும் தாராளம். ஒரு வருடம் ஓட்டிக் கை பழகட்டும், பிறகு மேலே போகலாம். முன்னால் குனிந்து ஓட்டும் வண்டி ரேஸ் தளத்துக்குச் செய்தது. பின்னால் அம்மாவை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகவும் அந்த வண்டிதான் என்றால், நிமிர்ந்து உட்காரும் வண்டியே நல்லது. 125 சிசிக்கு மேலுள்ள புது வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். பழைய வண்டி வாங்குவதென்றால் அது இருக்கிறதா என்று பாருங்கள். அறுப்புக் காலத்தில் சாலையில் நெல் காயும். இரவில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் முன்னால் போகும். திடீரென்று பிரேக் பிடிக்கிற அந்த நொடியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் உயிர்.

இரண்டாவது கடன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலை இறங்கியது நல்லதுதான். கடன் கொடுப்பவர் கணக்கு மாறவில்லை. ஒன்றரை லட்சம் கடன், 12 சதவீத ஃபிளாட் வட்டி, மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் 54,000. மாதத் தவணை 5,667 ரூபாய். முதல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் அல்லவா? ஃபிளாட் வட்டியில் அப்படிக் குறையாது. உண்மையில் கட்டுவது ஏறத்தாழ 21 சதவீதம். கையெழுத்துப் போடும் முன் குறையும் முதலுக்கு வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். தவணை தவறினால் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் வசூல் ஆட்கள் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவு போட்டிருக்கிறது. பேட்டுக்குள் வந்து பத்துப் பேர் பார்க்க வண்டியை இழுத்துக்கொண்டு போகும் அவமானமும் சாதி அவமானத்துக்குக் குறைந்தது இல்லை. தவணை கட்ட முடியாத வண்டி தன்மானத்தைத் தராது.

மூன்றாவது காகிதம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டு நம்பர் பழைய வண்டியைக் கைமாற்றி வாங்கி, கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் பெட்டிக்கடியில் வைத்திருப்பார்கள். ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றாதவரை, வழியில் நிறுத்தும் போலீஸ்காரர் கண்ணுக்கு அது திருட்டு வண்டி. நம் முகத்தைப் பார்த்ததுமே பாதி முடிவு எடுத்துவிடுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. காகிதம் நம் கவசம். டிஜிலாக்கரில் வைத்துக் காட்டினாலும் செல்லும்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் அதே மாதிரி. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது நாம் இடித்த ஆளுக்குத்தான் பணம் தரும், நமக்குத் தராது. வண்டிச் சொந்தக்காரருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறது. அதுவும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்குத்தான். அவரிடம் லைசென்ஸும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது பிள்ளை என்றால், பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பதினைந்து லட்சம் வராது. ஓட்டுபவர் பெயரிலேயே வாங்குங்கள். பதினெட்டு ஆகும் முன் பிள்ளை கையில் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடைக்காது.

நான்காவது ஹெல்மெட். 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ரோட்டில் நின்று ஹெல்மெட் போடாதவர்களை மடக்கினார். முதலமைச்சர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். அவருடைய புகார்களில் ஹெல்மெட்டும் ஒன்று. அவர்களுடைய அதிகாரச் சண்டை அவர்களோடு. நம் தலை நம்முடையது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கி, வாரை மாட்டி ஓட்டுங்கள். சைலன்சரைக் கழற்றிச் சத்தம் ஏற்ற வேண்டாம். 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதச் சீட்டு முதலில் யார் பெயரில் எழுதப்படும் என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் வழியில் நிறுத்திச் சாதி சொல்லித் திட்டினால், இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றால், சாவியைப் பிடுங்கினால்? அங்கே சண்டைக்கு நிற்காதீர்கள், ஆனால் விடவும் விடாதீர்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். புகாரில் 3(1)(இசட்ஏ)(பி) பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு போவதற்குள் நடுவில் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. அங்கே அடி வாங்கினால் இந்த ஸ்டேஷன் அந்த ஸ்டேஷனைக் காட்டும், அந்த ஸ்டேஷன் இந்த ஸ்டேஷனைக் காட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அதிகாரிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 4-ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது. சமரசம் பேச வரும் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் பிள்ளை வண்டியை இறக்கித் தள்ளச் சொன்னால் சமரசம் பேசுவீர்களா?

அரசிடமும் கேட்க வேண்டியதைக் கேட்போம். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கும் பிறகு நடத்தவே இல்லை. வில்லியனூர் கொம்யூனிலும் பாகூர் கொம்யூனிலும் பேட்டுக்குப் போகும் சாலையில் விளக்கு எரியவில்லை என்றால் கேட்பதற்கு நாம் ஓட்டுப்போட்ட வார்டு உறுப்பினர் இல்லை. ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் என்று இந்தக் கிராமப்புறத்தில் நான்கு தனித்தொகுதிகள் இருக்கின்றன. அந்த நான்கு உறுப்பினர்களும் தங்கள் தொகுதியின் பேட்டுச் சாலைகளில் எத்தனை விளக்கு எரிகிறது, ஷிப்ட் முடியும் நேரத்தில் எத்தனை பஸ் ஓடுகிறது என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்கட்டும். வாகனம் ஓட்டத் தடுத்தார்கள் என்று இதுவரை எத்தனை வழக்கு இந்தப் பிரிவில் பதிவானது என்பதையும் கேட்கட்டும்.

லைசென்ஸ் வாங்கிய தம்பி தங்கைகளே, பிடித்த வண்டியைப் பொறுமையாகப் பார்த்து, உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்து, கணக்குப் போட்டு வாங்குங்கள். ஊர்த்தெரு வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்த வழியாகவே போங்கள். வேகம் காட்டத் தேவையில்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் அந்தச் சாலையில் போய்க்கொண்டே இருங்கள். அது பொதுச்சாலை.